ஹரி முகத்தில் பட்ட கை

சிங்கப்பெருமாள் கோயில்
3.8.1997

அன்புள்ள அண்ணிக்கு,

ஜெயப்பிரியா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடுகளும் சுகம். அங்கே நீங்கள், அண்ணன், அம்மா, தம்பி ஹரி நால்வரும் சுகம் என்று உங்கள் கையால் எழுதி வந்தால்தான் எனக்கு நிம்மதி.

ஊரில் இன்னும் அம்மை இறங்கவில்லை. நம் தெருவிலேயே மூன்று வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறது. ஹரியை இங்கே கொண்டுவரவே கூடாது என்று வாசுதேவன் டாக்டர் சொன்னது நல்லதாகப் போயிற்று. அடுத்த ஊசிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை அவனும் அம்மாவும் உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

டாக்டர் சொன்னதையெல்லாம் அம்மா உங்களிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. அவளுக்குப் படிக்க வராது, சிலதை மறந்துவிடுவாள். ஹரியின் ரத்த நோய்க்குப் போடுகிற ஊசி, கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுவையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறதாம். தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுக்க வேண்டும். பட்டறையிலிருந்து வந்ததும் கல் தூசியோடு அண்ணன் அவனைத் தூக்கக் கூடாது. சின்னப் புண் வந்தாலும் நாமாகக் கை வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும்.

இன்னொன்று. சித்திரையில் உங்கள் வீட்டிலிருந்து திரும்பியபோது அவன் கையில் விரல் பதிந்ததுபோல நீலமாக இருந்தது. கேட்காதே என்றாள் அம்மா. நேரில் என்றால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். தவறாக நினைக்க வேண்டாம்.

பதிலை எதிர்பார்க்கும்,
ஜெயப்பிரியா


மாமல்லபுரம்
8.8.1997

அன்பு பிரியாவுக்கு,

உன் அண்ணி நிலமங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை.

ஹரி வாசற்படியில் நாற்காலி போட்டுக்கொண்டு அதிகாரம் செய்கிறான். நேற்று உன் அண்ணனை உள்ளே விடவில்லை. "அண்ணாத்த, தூசியோட வந்தா அப்டியே நில்லு. டாக்டரு ஆர்டரு" என்றான். அவரும் தெருவிலேயே குளித்துவிட்டு வந்தார். தெருவே சிரித்தது.

நீ கேட்ட நீலத்துக்குப் பதில். அவன் உடம்பில் அது தானாகவே வருகிறது. இரண்டு நாள் முன்பு யாருமே தொடாத தொடையில் ஒன்று வந்தது. வேண்டுமானால் டாக்டரைக் கேள். உன் கடிதத்தை உன் அண்ணனிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் வீட்டில் சோறு இறங்கியிருக்காது.

மூக்கின் இடப்பக்கம் கடுகு அளவில் நாலைந்து கொப்புளம் தெரிகிறது. காலையில் அத்தையிடம் காட்டினேன். பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அன்புடன்,
நிலமங்கை


செங்கல்பட்டு
20.8.1997

அண்ணிக்கு,

வழக்கமாக எழுதுகிற நலத்தை எழுத வரவில்லை. உங்கள் நலத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் வந்து சொல்லித்தான் ஊரிலிருந்து ஓடிவந்தேன். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு இப்போது வார்டில் அம்மாவோடு இருக்கிறேன். ஹரியின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளமே தெரியவில்லை. இடது கன்னம் வீங்கிக் கண் மூடிவிட்டது. மூக்கோரம் காசு அளவுக்குக் கறுத்திருக்கிறது. தீய்ந்த தோசைபோல இருக்கிறது. அந்த இடத்தைக் கிள்ளினால்கூட வலிக்கவில்லை என்கிறான். நேற்று இருந்ததைவிட இன்று பெரிதாக இருக்கிறது.

கடுகு அளவு என்று எழுதினீர்கள். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மாவைக் கேட்டேன். "நான் கொயாயடிக்குப் போயிட்டு வந்தேன். வந்து பாத்தா மூஞ்சி வீங்கிகினு கீது. அவகிட்ட வுட்டுட்டுப் போனது என் தப்பு" என்கிறாள்.

அம்மா கொண்டுவந்த பையில் ஹரியின் துண்டு இருந்தது. அதில் பெரிய சிவப்புக் கறை. சோப்புப் போட்டுத் துவைத்தும் போகவில்லை. அம்மா பிடுங்கிப் பைக்குள் திணித்துவிட்டாள்.

அண்ணி, அவனை அடித்தீர்களா? கோபத்தில் ஒரு அறை விட்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அண்ணன் தினம் சாப்பாடு கொண்டுவருகிறார். அவர் கையில் பதில் கொடுத்தனுப்பவும்.

ஜெயப்பிரியா


மாமல்லபுரம்
21.8.1997

பிரியாவுக்கு,

இங்கே நலத்துக்குக் குறைவில்லை. சாப்பிட உட்கார்ந்தால்தான் முடியவில்லை.

நான் ஹரியை அடிக்கவில்லை. எனக்குப் பிள்ளை இல்லை என்பதால் மற்ற பிள்ளை மேல் கை ஓங்குவேன் என்று உன் தெருவில் பேசியவர்கள் உண்டு. அதில் நீயும் ஒருத்தி என்று இன்று தெரிந்துகொண்டேன்.

துண்டில் இருப்பது ரத்தம் இல்லை.

குழம்பில் காரம் போடவில்லை. அவனுக்கு வாய் திறக்க முடிந்தால் இரண்டு வாய் கொடு. அத்தைக்குத் தனியாகக் கட்டியிருக்கிறேன்.

நிலமங்கை


செங்கல்பட்டு
22.8.1997

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் மனம் நோக எழுதியதற்கு வருந்துகிறேன். ஆனால் கேட்பதை நிறுத்த முடியாது.

உங்கள் கடிதத்தை அம்மா வாசிக்கச் சொன்னாள். சாப்பாட்டு வரிகளை மட்டும் வாசித்தேன். காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இத்தினி எழுத்து கீது, நீ ரெண்டு வார்த்தைதான் சொல்ற?" என்றாள். உங்கள் கையெழுத்துப் பெரிது என்று சொல்லிச் சமாளித்தேன். அம்மா நம்பவில்லை.

கறுப்பிலிருந்து ஒரு துணுக்கு வெட்டி எடுத்துப் பார்த்துவிட்டார்கள். அது பூசணம். பழைய ரொட்டியில் பூக்குமே, அந்த இனம். மண்ணிலும் காற்றிலும் எங்கும் இருக்கிறதாம். நமக்கு ஒன்றும் செய்யாது. எதிர்க்க ஆளில்லாத ரத்தம் என்றால் உள்ளே புகுந்து சதையைத் தின்றுகொண்டே போகிறது. அதற்கு ஒரு ஊசி ஏற்றுகிறார்கள். அது ஏறும்போது ஹரியின் கட்டில் ஆடுகிற அளவுக்குக் குளிர் உதறுகிறது.

திங்கட்கிழமை ஆபரேஷன். மூக்குக்குள்ளே தொடங்கி வெளியே வந்ததா, வெளித்தோலில் தொடங்கி உள்ளே போகிறதா என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஸ்கேனில் வீக்கம் மறைக்கிறதாம். உள்ளிருந்து வந்தது என்றால் இடது கண்ணையும் எடுத்துவிட வேண்டியிருக்கும். தோலில் தொடங்கியது என்று நிச்சயமாகத் தெரிந்தால் கண்ணை விட்டுவைத்துப் பார்க்கலாம் என்றார். "முகத்தில் அடிபட்டதா, ஏதாவது போட்டீங்களா?" என்று அம்மாவை மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அம்மா இல்லை என்று தலையாட்டினாள்.

அம்மா குளிக்கப் போயிருந்தபோது ஹரியைக் கேட்டேன். "அதச் சொன்னா நான் செத்துப் பூடுவேன்" என்றான். யார் அப்படிச் சொன்னது என்று கேட்டேன். "அதச் சொன்னாலும் பூடுவேன்க்கா" என்றான்.

எனக்கு இனி யாரைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். அவனுக்கு ஆறு வயது. அந்தக் கண்ணால் அவன் இன்னும் எவ்வளவோ பார்க்க வேண்டும்.

ஜெயப்பிரியா


மாமல்லபுரம்
23.8.1997

அன்பு பிரியா,

உன் நலமும் ஹரியின் நலமும் வேண்டுகிறேன். இதை யாருக்கும் வாசித்துக் காட்டாதே.

எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல முடியாது. ஹரியின் தலையில் என் கையை வைத்து அழுத்திச் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். சொன்னால் அவன் இருக்க மாட்டான் என்று அவன் காதுபடவே சொன்னார்கள். நீ சிரிப்பாய். எனக்குச் சிரிக்கத் தைரியம் இல்லை. கண் பெரிதா உயிர் பெரிதா என்று நேற்றிலிருந்து எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று யோசித்தேன். நடக்காததை நடக்கவில்லை என்று எழுதினால் சத்தியம் கெடாது. உனக்கு என்னென்ன சந்தேகம் இருக்கிறதோ அத்தனையும் எழுதி அனுப்பு. நடக்காததற்கெல்லாம் நடக்கவில்லை என்று எழுதுகிறேன். மீதியை நான் தொட மாட்டேன்.

உன் அண்ணனைக் கேட்காதே. அவர் பட்டறையில் இருந்தார். உண்மையாகவே தெரியாது.

நிலமங்கை


செங்கல்பட்டு
24.8.1997

அண்ணிக்கு,

இன்று நலம் விசாரிக்க நேரமில்லை. அண்ணன் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரத்தைக் கழுவி எடுப்பதற்குள் எழுதுகிறேன். நாளைக் காலை ஆபரேஷன். அண்ணன் முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுவதாகச் சொல்கிறார். அவரிடம் பதில் வேண்டும்.

ஹரி கீழே விழுந்து, கல்லோ சிப்பியோ முகத்தில் குத்தியதா?

வேறு பிள்ளைகள் யாராவது பிராண்டினார்களா?

அம்மைக்கு அரைப்பதுபோல வேப்பிலை மஞ்சள் அரைத்துப் பூசினீர்களா?

எங்கள் ஊரில் செங்கல்வராயன் மாமாவுக்கு இடுப்பில் நெருப்புச் சுட்டதுபோலக் கொப்புளம் வந்தது. அக்கி என்று சொல்லி, குயவர் வீட்டில் காவி மண்ணைக் குழைத்து, கோழி இறகால் அதன் மேல் சிங்க உருவம் எழுதிக்கொண்டு வந்தார். கழுவக் கூடாது என்று அப்படியே திரிந்தார். அவர் வேட்டியில் ஒட்டிய சிவப்பு கடைசிவரை போகவில்லை. ஹரிக்கு அக்கி எழுதினீர்களா?

ஜெயப்பிரியா


மாமல்லபுரம்
25.8.1997

பிரியாவுக்கு,

ஹரி விழவில்லை. கல்லோ சிப்பியோ குத்தவில்லை.

யாரும் பிராண்டவில்லை. தெருப் பிள்ளைகளை நான் கிட்டவே விடவில்லை.

வேப்பிலை மஞ்சள் பூசவில்லை.

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

நிலமங்கை


செங்கல்பட்டு
31.8.1997

அன்புள்ள அண்ணிக்கு,

ஹரி உயிரோடு இருக்கிறான். கண்ணும் இருக்கிறது. இந்த இரண்டையும் எழுதிவிட்டுத்தான் உங்கள் நலம் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

அன்று காலை அண்ணன் கொடுத்த உங்கள் கடிதத்தைக் குழாயடியில் நின்று படித்தேன். மூன்றுக்குப் பதில் இருந்தது. நான்காவதைக் காகிதத்தின் பின்பக்கமும் தேடினேன். பிறகு டாக்டர் அறை வாசலில் போய் நின்றேன். அம்மாவும் பின்னாலேயே வந்தாள்.

நான் யாரிடமும் வாய் திறக்காதவள் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குக்கூடக் கை தூக்கிவிட்டு நிற்பேன். டாக்டர் என்னம்மா என்றார். "மண்ணு" என்று மட்டும் வந்தது. எந்த மண்ணு என்றார். "அக்கி எழுதுற மண்ணு சார். மூஞ்சில."

அம்மா முன்னால் வந்து, "இவ அங்க இல்லவே இல்ல சார். ஊர்ல மாடு பாத்துகினு இருந்தா. இவளுக்கு இன்னா தெரியும்?" என்றாள்.

டாக்டர் அம்மாவிடம் கோபப்படவில்லை. வேறு எதையோ கேட்பதுபோல, "எத்தனை நாள் கழுவாம வச்சிருந்தீங்க?" என்றார்.

"மூணு நாளு" என்றாள் அம்மா.

அவள் சொன்னது அவளுக்கே அதற்குப் பிறகுதான் கேட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷனில் முதலில் மூக்குக்குள்ளே விளக்கு விட்டுப் பார்த்தார்களாம். உள்ளே சுத்தமாக இருந்தது. கறுத்த தோலையும் இடது மூக்கு மடலையும் கன்னத்தில் கொஞ்சம் சதையையும் எடுத்துவிட்டார்கள். கண்ணைத் தொடவில்லை. தொடையிலிருந்து தோல் எடுத்துப் பிறகு ஒட்டுவார்களாம். ஊசி இன்னும் பல வாரம் ஏற வேண்டும். ரத்த நோய்க்கான வைத்தியம் அதுவரை நின்றிருக்கும்.

அந்த மண் போட்டவர் மேல் குற்றமில்லை, நல்ல ரத்தம் உள்ளவருக்கு அது வெறும் மண்தான் என்றார் டாக்டர். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அவள் என்னிடம் பேசியே ஆறு நாளாகிறது.

ஜெயப்பிரியா


மாமல்லபுரம்
19.10.1997

பிரியாவுக்கு,

நீ நலமா? ஹரி நலமா? ஏழு வாரமாக நான் கேட்டு நீ பதில் எழுதாத கேள்வி இது. உன் அண்ணன் சொல்கிற செய்திகளை வைத்துத்தான் அவன் முகத்தை மனதில் ஒட்டிப் பார்க்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நானே வந்தேன். உனக்குச் சொன்னார்களா? வார்டு வாசலிலேயே அத்தை மறித்துக்கொண்டார்கள். "சத்தியத்தத் தின்னவ நீ. புள்ளைக்கு நேத்து ஜுரம் வந்திச்சி. எதனால வந்திச்சின்னு எனக்குத் தெரியும். போ" என்றார்கள். கொண்டுவந்த இட்லியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

இங்கே தெருவில் வேறு கதை ஓடுகிறது. நான்தான் ஹரியைக் குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போனேனாம். உள்ளூர்க்காரி, வழி எனக்குத்தான் தெரியுமாம். உன் அண்ணன் வாய்விட்டுக் கேட்கவில்லை. சோற்றைப் பிசையும்போது என்னைப் பார்க்கிற பார்வையில் கேட்கிறார்.

நீயும் அப்படித்தான் நினைக்கிறாயா? என் கடிதங்களைக் காட்டி, நான் எழுதித்தான் தெரிந்தது என்று அத்தையிடம் சொல்லிவிட்டாயா? நீ எழுதாமல் இருப்பதைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

நிலமங்கை


செங்கல்பட்டு
2.11.1997

அன்புள்ள அண்ணிக்கு,

தாங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

ஏழு வாரமாக நான் எழுதிய மூன்று கடிதம் உங்களுக்கு வந்து சேரவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. அண்ணன் கையில் கொடுக்க வேண்டாம், தபாலில் போடுகிறேன் என்று அம்மா வாங்கிக்கொண்டு போனாள். பக்கத்துப் படுக்கைப் பெண்ணின் தாயார் சந்திரம்மா அக்காவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் செய்வாள். தெரிந்தே எழுதுகிறேன். சந்திரம்மா அக்கா, இனி வருவதைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். வார்டில் மற்றவர்களுக்குக் கேட்க வேண்டாம்.

அண்ணி சத்தியத்தை மீறவில்லை. ஆம் என்று அவர்கள் ஒரு எழுத்தும் எழுதவில்லை. துண்டின் சிவப்பைப் பார்த்து நானாகத்தான் யோசித்தேன். டாக்டரிடம் நானாகத்தான் சொன்னேன். சத்தியம் கெட்டதால் ஜுரம் வந்தது என்றால் அது என்னைத்தான் சேர வேண்டும். ஆனால் நான் யார் தலையிலும் கை வைக்கவில்லை.

மூன்று நாள் என்று சொன்னது யார் என்பதும் எனக்குத் தெரியும். அதை அண்ணி மேல் போட்டால் அண்ணன் வீடு உடையும். அம்மா கெட்டது நினைத்துச் செய்யவில்லை. எனக்குச் சின்ன வயதில் அக்கி வந்தபோதும் அவள்தான் தூக்கிக்கொண்டு ஓடினாள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். எனக்கு ஆறிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஹரியை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இரண்டு வாரம் கழித்து ரத்தத்துக்கு ஊசி மறுபடி தொடங்கும். வெள்ளை அணு மறுபடி இறங்கும். மறுபடி ஒரு கொப்புளம் வரலாம். அன்றைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவாய் என்றுதான் அம்மாவைக் கேட்க வேண்டும். கேட்க வாய் வராமல் இரண்டு மாதமாக அவள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் ஹரிக்கு முகம் துடைத்தால்கூட எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்கிறேன். பெற்ற தாயை இப்படிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

எந்த வீட்டுக்கு என்று டாக்டர் கேட்டார். மாமல்லபுரம் என்று சொல்லிவிட்டேன். நம் ஊரில் அம்மை இன்னும் முழுதாக இறங்கவில்லை. அங்கிருந்தும் ஆஸ்பத்திரிக்கு பஸ் இருக்கிறது. நானும் கூட வருகிறேன். அம்மா வருவது அவள் விருப்பம்.

அன்புள்ள,
ஜெயப்பிரியா


மாமல்லபுரம்
4.11.1997

அன்பு பிரியா,

நாங்கள் நலம். உன் கடிதம் வந்தது. தபால்காரர் கொண்டுவரவில்லை. அத்தை கொண்டுவந்தார்கள்.

நேற்று மத்தியானம் வாசலில் வந்து நின்றார்கள். காகிதத்தை நீட்டி, "படி" என்றார்கள். "சந்திரம்மா படிச்சா. ஆனா அவ எதையாச்சும் வுட்டிருப்பா. நீ முழுசாப் படி." முழுவதும் படித்தேன். அக்கி ஆறிவிட்டது என்று நீ எழுதிய வரியை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்கள்.

பிறகு சோறு இருக்கிறதா என்று கேட்டார்கள். போட்டேன். உன் அண்ணனும் அப்போதுதான் வந்து சாப்பிட உட்கார்ந்தார். அவரை நிமிர்ந்து பார்க்காமல், "டேய் வரதா, கொயவர் வூட்டுக்கு வழி கேட்டுகினு போனது நான்தான். இவ வாணாம் வாணாம்னு பின்னாலயே வந்தா. நான்தான் ஏசி அனுப்பிட்டேன்" என்றார்கள். உன் அண்ணன் கை கழுவாமலே எழுந்து வெளியே போய்விட்டார். அத்தை சாப்பிட்டு முடித்துத் தட்டையும் கழுவி வைத்தார்கள்.

கிளம்பும்போது என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார்கள். "உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், இப்ப இவனுக்கும் தெரிஞ்சி போச்சி. ஹரி சின்னவன், மண்ணு வச்சத மறந்துடுவான். பெரியவனாயி கண்ணாடி பாப்பான். மூக்கு ஏன் இப்டி கீதுன்னு கேப்பான். அம்மாதான் பண்ணான்னு அவனுக்குச் சொல்லாத. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து அவன் தலையில கை வச்சி சொல்லு" என்றார்கள்.

நான் முடியாது என்றேன். அத்தையிடம் நான் சொன்ன முதல் முடியாது அதுதான். "சொல்ல மாட்டேன் அத்தை. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். அவன் தலையில இனிமே யாரும் கை வைக்கவேணாம்" என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நம்பினார்களா என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனேன். கொப்புளம் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள் என்று நீ கேட்டதை நானும் கேட்டேன். பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு, செங்கல்பட்டுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரைக் கேட்டார்கள். முதல் பஸ் எத்தனை மணிக்கு என்றும் கேட்டார்கள். சொல்லச் சொல்ல வாய்க்குள்ளேயே திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை உங்கள் மூன்று பேருக்கும் உலை வைக்கிறேன்.

உன் அண்ணி,
நிலமங்கை